ஊசி முனையில் ஒரு வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும் செப்பேடுமே. திருவரங்கம் கோயிலில் மட்டும் 600க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மன்னர் பேசுகின்றனர், கொடையளித்தோர் பேசுகின்றனர். பத்து வயதுச் சிறுமி பேசும் ஆவணத்தை எங்கே காண்பது? பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: துணியிலே காணலாம்.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய தொடக்கக் காலத்தில், சிறுமியர் ஒரு துணித் துண்டில் எழுத்துகளையும் எண்களையும் வண்ண நூலால் தைத்துப் பழகினர். இதனைச் 'சாம்ப்ளர்' என்பர். தையல் மாதிரித் துணி என்று நாம் சொல்லலாம். வீட்டுத் துணிகளில் அடையாள எழுத்துத் தைப்பதற்கு இப்பயிற்சி வேண்டியிருந்தது. பையன் கையில் இறகுப் பேனாவைக் கொடுத்த சமூகம், பெண்ணின் கையில் பெரும்பாலும் ஊசியையே கொடுத்தது. அவ்வூசியால் பலர் தம் பெயரையும் தைத்து வைத்தனர். பிளிமத் குடியேற்றத்தைச் சேர்ந்த லோரா ஸ்டாண்டிஷ் என்பவள் 17ஆம் நூற்றாண்டில் தைத்த துணி, அவள் பெயரைத் தாங்கி அவ்வூர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவளோ இளமையிலேயே மறைந்துவிட்டாள்.

நம் தென்கோடியிலும் ஊசி ஒரு வரலாற்றை எழுதியது. 1819ஆம் ஆண்டின் இறுதியில், அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலுக்கு லண்டன் மிஷனைச் சார்ந்த சார்லஸ் மால்ட் வந்தார். அவர் மனைவி மார்த்தா, பள்ளிச் சிறுமியர்க்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்பணி அது. அதன் வருவாய் பள்ளிச் செலவுக்கும் உதவிற்று. தம் படிப்புக்கு ஆகும் பணத்தைச் சிறுமியரின் விரல்களே ஈட்டின என்பதை மறத்தலாகாது.

அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது முற்றாக ஒழிக்கப்பட்டது. லேஸ் பின்னக் கற்றவருள் அடிமைப் பெண்களும் இருந்தனர். அவர்களுட் சிலர் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். சட்டம் வருமுன்னர் ஊசி அவர்களுக்கு வழி திறந்தது. மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்று, அங்கும் இக்கலையைப் பரப்பினார்.

லோரா தைத்த துணியில் அவள் பெயர் இருக்கிறது. நாகர்கோவில் பெண்கள் பின்னிய லேஸ் விலைக்குப் போயிற்று. அதில் அவர்கள் பெயர் இல்லை. கற்பித்தவர் பெயரை நாம் அறிவோம். பின்னியவர் பெயர்களை எண்ணிப் பார்த்தோமா?

பின்னாளில் சென்னை மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளிலும் தையல் ஒரு பாடமாக விளங்கிற்று. ஆதலின், உறையூரிலோ திருவரங்கத்திலோ உங்கள் வீட்டுப் பழம்பெட்டியிலும் பாட்டியார் பள்ளியில் தைத்த துணி ஒன்று இருக்கக்கூடும். அதை எடுத்துப் பாருங்கள். தைத்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். அதுவே நீங்கள் எழுதும் முதல் வரலாறாக அமையட்டும்.