உகாய் மரமும் மிஸ்வாக்கும்

சமுதாயத்திற்குச் சிரமமாகும் என்று அஞ்சியிராவிடில், ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பார்கள் என்பது புகாரியில் காணப்படும் செய்தி. மிஸ்வாக் குச்சி தரும் அராக் மரம் அரபு நாட்டுக்கே உரியதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதுவே தமிழில் உகாய். குறுந்தொகைப் புலவர்கள் அறிந்த மரம்! பீளமேட்டு முன்னோருக்கோ வேம்பும் வேலமும் கைக்கெட்டின.

1896-இல் அமெரிக்காவில் கோல்கேட் நிறுவனம் பசையைக் குழலில் அடைத்து விற்றது. 1937-இல் இந்தியாவுக்கு வந்தது. குச்சி பட்டிக்காட்டு வழக்கமாயிற்று. பின்னர் பால்சாரா நிறுவனம் ‘மிஸ்வாக்’ என்ற பெயரிலேயே பற்பசை விற்றது. 2005-இல் அந்நிறுவனத்தை டாபர் வாங்கியது.

பசையிலுள்ள புளோரைடு பற்சிதைவைத் தடுப்பது உண்மையே. அதனை விடச் சொல்லவில்லை. ஆயினும் லுஹருக்கு ஒளுச் செய்ய வருகையில் பிரஷ்ஷும் குழலும் சுமந்து வருபவர் யார்? சட்டைப்பையில் அடங்குவது குச்சியன்றோ!