கீழ்த்தொட்டியின் கதை

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிற் பெய்யும் மழை தங்கி நிற்பதில்லை. தேயிலை மலைகளின் கானுகளில் ஓடி, லயங்களுக்கு அருகே பீலியில் வீழ்ந்து, பெண்களின் குடங்களை நிறைத்து, மிஞ்சியது கெசல்கமு ஓயாவிற் கலக்கிறது. அந்த ஓயா 1965ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற காசல்ரீ நீர்த்தேக்கத்திற் சேர்கிறது. அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு இறங்கிச் சுழலிகளைச் சுழற்றி, பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகி, கொழும்பின் வடபால் கடலை அடைகிறது. கடலிலிருந்து அந்நீரை மீண்டும் மேலே தூக்குபவன் கதிரவன். இறங்குவது தானாக நிகழும். ஏற்றுவதற்கே ஆற்றல் வேண்டும். இதனை மலைநாட்டில் பீலியடியிற் குடத்தோடு நிற்கும் சிறுமியும் அறிவாள்.

இந்த எளிய உண்மையை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அடக்குவதற்கு ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. கடலுக்கு எட்டாத இடத்திற் கடல் மீன்களை உயிரோடு வைத்திருப்பது எங்ஙனம் என்பதே அவர்கள் எதிர்நோக்கிய வினா. கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலுள்ள பொகவந்தலாவையில் இன்று ஒருவர் தம் இல்லத்திற் பெரிய கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்பினால், அவரும் அதே வினாவைத்தான் எதிர்நோக்குவார்.

கடல்நீர்த் தொட்டியின் மூதாதை ஒரு செடிப் பெட்டி. இலண்டன் வைத்தியரான நதானியேல் வார்டு 1829ஆம் ஆண்டு, மூடிய கண்ணாடிக் கலத்துள் செடி வாடாமல் வளர்வதைக் கண்டார். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளிலேயே இராபர்ட் பார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பினார். கோப்பிக்கும் தேயிலைக்கும் இடைப்பட்ட காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களைத் தாங்கிய சின்கோனாவும் 1861ஆம் ஆண்டளவில் ஹக்கலைக்கு அவ்வகைப் பெட்டியிலேயே வந்தது. செடிக்குப் பொருந்திய கண்ணாடி மீனுக்கும் பொருந்தாதா என்ற எண்ணம் அக்காலத்திற் பலருக்கு எழுந்தது.

முதலில் வெற்றி கண்டவர் அன்னா தின் என்னும் சீமாட்டி. 1846ஆம் ஆண்டு டோர்க்கே கடற்கரையில் அவர் உயிருள்ள கற்பவளங்களைக் கண்டு வியந்து, ஒரு சாடியில் இட்டு இலண்டனிலிருந்த தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்திற் கடற்கரையிலிருந்து புதிய நீர் தருவிக்கப்பட்டது. அது எப்போதும் இயலாமற் போகவே, பழைய நீரையே காற்றுப்படச் செய்து மீண்டும் பயன்படுத்தும் வழியை அவர் கைக்கொண்டார். திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அந்நீரை நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஊற்றியவர் சீமாட்டி அல்லர், வீட்டு வேலைக்காரி. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்ந்தன. உலகின் முதற் கடல்நீர்த் தொட்டியை இயக்கிய பம்பு அப்பெண்ணின் இரு கைகளே எனலாம். குடத்து நீர் சுமந்த பரம்பரையினருக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

1850ஆம் ஆண்டு இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன் வேறொரு வழியை வெளியிட்டார். நீர்த்தாவரம் பிராணவாயுவைத் தருகிறது. மீன் அதனைச் சுவாசிக்கிறது. நத்தை அழுகிய இலையைத் தின்கிறது. ஆகையால் அத்தொட்டி தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்றார் அவர். 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்கினச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்மனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் கோஸ் எழுதிய நூலால் 'அக்குவாரியம்' என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. மாளிகைதோறும் கண்ணாடித் தொட்டி வந்தது. வந்த வேகத்திலேயே பெரும்பாலானவை நாறவும் தொடங்கின. ஒரு நத்தை இறந்தால் நீர் கலங்கும்; கலங்கிய நீரில் மீன் இறக்கும்; மீன் இறந்தால் எல்லாமே இறக்கும். கூடத்தின் ஒளி நீரைப் பாசியாற் பச்சையாக்கியது. அதற்கிடையே கடலோரப் பாறைக்குழிகள் கூடை கூடையாகச் சூறையாடப்பட்டன. தந்தையின் நூல் மூட்டிய அந்த மோகம் கரையோரத்தையே வெறுமையாக்கியது என்று கோஸின் மைந்தர் எட்மண்ட் 1907ஆம் ஆண்டு தம் நூலில் வருந்தி எழுதினார்.

இத்தனைக்கும் காரணம் என்ன என்பதைத் தெளிவாகக் கண்டவர் பேராசிரியர் எவருமல்லர். வில்லியம் அல்போர்டு லொயிட் என்னும் கடைக்காரர். இலண்டனில் தொட்டிகளும் கடற்பிராணிகளும் விற்ற அவருடைய கடை 1860களின் தொடக்கத்தில் நொடித்தது. ஆயினும் நூற்றுக்கணக்கான தொட்டிகளின் வாழ்வையும் சாவையும் கண்டவர் அவர். மீன் இருக்கும் நீர் மட்டுமே தொட்டியின் நீர் என்று எண்ணுவதே பிழை என்பது அவர் கண்ட முடிவு. பார்வைக்கு வைத்த தொட்டிகளைவிடப் பெரியதான ஒரு நீர்த்தேக்கம் நிலத்தின் கீழ், இருளிலும் குளிர்ச்சியிலும், எவர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து நீர் இரவு பகலாக மேலே ஏற்றப்பட வேண்டும். மேல்தொட்டிகளில் நிரம்பி வழிந்து, தன் பாரத்தாலேயே அது மீண்டும் கீழே இறங்க வேண்டும். நீரை மாற்ற வேண்டியதில்லை. ஓயாமல் ஓடச் செய்தாற் போதும்.

லொயிட் இதனை முதலிற் செய்து காட்டியது ஜெர்மனியில். 1864ஆம் ஆண்டு ஹம்பர்க் விலங்கினச் சாலையிற் கடல்நீர் மனை திறக்கப்பட்டது. பின்னர் 1871ஆம் ஆண்டு, இலண்டனின் தென்பாலிருந்த பளிங்கு மாளிகையில் அவருடைய பெரும்பணி நிறைவேறியது. கடலுக்கு வெகுதொலைவில் நீராவி இயந்திரங்கள் அங்கே கடல்நீரைச் சுழற்றின. உலோகக் குழாய்கள் கடல்நீரில் அரித்து நஞ்சு கலக்கும் என்பதை அறிந்து, கடினப்படுத்திய றப்பராலான குழாய்களையும் பம்புகளையும் அவர் பயன்படுத்தினார். (றப்பர்க் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தது இதற்கு ஐந்தாண்டுகளின் பின்னர், 1876இலே.) ஒரு தொட்டியிலே நீர் கலங்கினால், அதனைக் கீழே தேக்கத்துக்கு இறக்கிவிடுவார். அங்கே பெருநீரில் கலந்து, இருளில் பாசியழிந்து, அது தெளியும். நேப்பிள்ஸ் நகரில் அன்டன் டோர்ன் நிறுவிய கடலாராய்ச்சி நிலையத்தின் நீரமைப்புக்கும் லொயிட் துணைசெய்தார். 1880ஆம் ஆண்டு அவர் காலமானார். பளிங்கு மாளிகை 1936ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று.

தம் கீழ்த்தேக்கம் ஏன் நீரைத் தூய்மைப்படுத்தியது என்பதை லொயிட் முற்றாக அறிந்திருக்க முடியாது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா மீனையே கொல்லும் நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், பின் அவ்வளவு தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். இம்மாற்றம் உயிர்களின் வேலை என்பதைப் பிரான்சிய அறிஞர் இருவர் 1877ஆம் ஆண்டு மண்ணிற் காட்டினர். 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். கல்லிலும் சுவரிலும் ஒட்டி வாழும் அவற்றுக்கு வேண்டியவை இரண்டே: பற்றிக்கொள்ளப் பரப்பும், பிராணவாயு கலந்து ஓடும் நீரும். லொயிடின் தேக்கம் இரண்டையும் அளித்தது.

தமிழ்நாட்டிற் பொதுமக்களுக்கான கடல்மீன் காட்சிச்சாலை 1909ஆம் ஆண்டு சென்னை மெரீனாவில் திறக்கப்பட்டது. சென்னை நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. கடல் எதிரிலேயே இருந்த இடமாதலின் நீருக்குப் பஞ்சமில்லை. இலங்கையில், தெஹிவளை விலங்கினச் சாலையிற் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்ளாஸ் கடலில் மூழ்கிப் பவளப்பாறை மீன்களை ஆராய்ந்ததோடு, அவற்றை உயிரோடு அயல்நாடுகளுக்கு அனுப்பும் வணிகத்திலும் முன்னோடியாக விளங்கினார். ஐரோப்பாவின் இல்லங்களில் நீந்திய பாறைமீன்கள் பல இத்தீவின் கரையிலிருந்து சென்றவையே. 1998ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமேறியபோது ஹிக்கடுவை முதலிய இடங்களிற் பவளங்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அதன்பின் ஒவ்வொரு மீனின் விலையும் காசளவில் மட்டும் கணிக்கத்தக்கதன்று. கோஸின் மைந்தர் கண்ட வெறுமை இத்தீவுக்கு அயலானதுமன்று.

கீழ்த்தொட்டி இல்லங்களுக்கு வந்தது மிகப் பிந்தி. 1986ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஸ்மிட் என்னும் ஒல்லாந்தர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரைகளாலேயே, அலமாரிக்குள் மறைந்த வடிதொட்டியும் அதிலிருந்து நீரேற்றும் பம்பும் பரவலாயின. லொயிடின் நிலவறை ஒரு மேசையின் அடியிற் சுருங்கி வந்தது எனலாம். இன்று 'சம்ப்' என வழங்குவது இதுவே.

இனி மலைநாட்டுக்கு வருவோம். முதலாவது, உப்பு. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. ஆனையிறவிலும் புத்தளத்திலும் விளையும் உப்பைப் பீலித் தண்ணீரிற் கரைத்தாற் கடல்நீர் ஆகிவிடாது. உப்பளத்திலே சோடியம் குளோரைட்டு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் முதலியவை தங்கிவிடுகின்றன. கடலுயிர்களுக்கு அவையும் இன்றியமையாதவை. பிலிப் கோஸ் 1854இலேயே கறியுப்போடு மகனீசிய உப்புகளையும் பொற்றாசிய உப்பையும் சேர்த்துக் கடல்நீர் ஆக்கினார். இன்று விற்கும் செயற்கைக் கடலுப்பு அதன் வழிவந்ததே. இரண்டாவது, காற்று. பொகவந்தலாவை உயரத்திற் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்களவு குறைவு. நீரிற் கரையும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறையும். இரவுக் குளிரில் நீரை 25 பாகைக்குச் சூடேற்றினால் இன்னும் குறையும். எனவே நீர் விழுந்து நுரைத்து இறங்குவது இங்கே அழகுக்கான ஏற்பாடன்று. குழாய் பிளாஸ்ரிக்காக இருத்தல் வேண்டும். நாகம் பூசிய இரும்புக் குழாயும் பித்தளைத் திருகும் பீலிக்குப் பொருந்தும். கடல்நீரிலோ நாகமும் செம்பும் கரைந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது 24 கன அடி. ஏறக்குறைய 680 லீற்றர். அதன் மேல்விளிம்பருகே பல்வரிசை போன்ற வழிமடை அமைகிறது. மேற்பரப்பு நீர் அதிலே வழிந்து குழாய்வழி கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே தடுப்புகளைக் கடந்து, கல்லிடையே நுண்ணுயிர்களின் கைக்குட்பட்டு, கடைசி அறையிலுள்ள பம்பினால் மீண்டும் மேலேறும். ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பு எஞ்சி நிற்கும். ஆதலால், குறைவு தெரியும் அந்தக் கடைசி அறையில் நன்னீரையே ஊற்ற வேண்டும்.

ஓடும்போது எல்லாம் இனிதே நடக்கும். அமைப்பவரின் அறிவு வெளிப்படுவது மின்சாரம் நிற்கும் கணத்திலே. பம்பு நின்றதும், மேலேற்றும் குழாயே திரும்பி நீரை உறிஞ்சத் தொடங்கும். அத்தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது ஒரு கன அடி, அதாவது 28 லீற்றர். குழாயின் வாய் மூன்றங்குலம் மூழ்கியிருந்தால் 85 லீற்றர் கீழே பாயும். கீழ்த்தொட்டி நாலடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் ஆனால், அங்கே நீர் ஆறங்குலம் உயரும். நாள்தோறும் பத்தங்குலத்தில் ஓடும் தொட்டி பதினாறங்குலத்தில் நிற்கும். பதின்மூன்றங்குலம் நிரப்பிவைத்தவரின் வீட்டுத் தரை உப்பு நீரில் மிதக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அக்குழாயில் ஒரு சிறு துளை இட்டால், காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறும். அப்போது இறங்குவது ஓரங்குல நீரே. ஒருவழி வால்வை நம்புவோர் உண்டு. உப்புப் படிவும் ஒரு சிறு நத்தையும் அதனைத் திறந்தபடியே நிறுத்திவிடும். வடிகுழாய் அடைபட்டால் மேல்தொட்டி வழியும். அதற்காகவே நீரின்றிக் காத்திருக்கும் இரண்டாவது வடிகுழாயொன்று வேண்டும். பம்பு அறையும் மேல்தொட்டியின் வெற்றிடத்துள் அடங்குமளவு சிறியதாக இருத்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய இரவொன்றில் பெருந்தொட்டி வைத்திருப்பவருக்கு எஞ்சும் வழி பழையதே. பாத்திரத்தில் நீரை மொண்டு, உயரத் தூக்கி, மீண்டும் அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். 1846இல் அந்த வேலைக்காரி செய்ததும் அதுவே.

ஆதலால் தொட்டியில் மீன் விடுமுன், வெறும் பீலித் தண்ணீரை நிரப்பிச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மேலே வழிமடையின் ஓசை ஓயும். கீழே நீர் மெல்ல ஏறும். கண்ணாடியில் முன்னரே மைக்கோடு இட்டு, அருகே அமர்ந்து பார்த்திருக்க வேண்டும். கோட்டைத் தொட்டு நீர் நிற்குமாயின், மறுநாள் உப்பைக் கரைக்கலாம்.