இரட்டையுருவும் இரவல் குரலும்

செருமானிய எழுத்தாளர் ழான் பவுல் 1796இல் ‘டோப்பெல்கேங்கர்’ என்னும் சொல்லைத் தம் புதினத்தில் ஆண்டபோது, தம்மைத் தாமே காண்போர் என்று அதற்குப் பொருள் தந்தார். பின்னர் அச்சொல் காண்போரை விட்டுக் காணப்படும் உருவைக் குறிக்கலாயிற்று. 1913இல் வெளிவந்த ‘பிராக் நகர மாணவன்’ என்னும் செருமானிய ஊமைப்படத்தில் அவ்வுரு நிலைக்கண்ணாடியிலிருந்து வெளியேறி நடந்தது. தமிழில் இதற்கு நிகராக ஒரு சொல் நிலைபெறவில்லை. பி. யு. சின்னப்பாவின் ‘உத்தமபுத்திரன்’ (1940) போன்ற படங்களைச் சுட்டும் ‘இரட்டை வேடம்’ என்ற தொடர் நடிகரின் பணியைக் குறிக்குமேயன்றி, அச்சுறுத்தும் மறுவுருவைக் குறிப்பதில்லை.

எனினும் சொல் இல்லாமையால் பொருளும் இல்லையெனக் கொள்ளலாகாது. பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப் படத்தில் கங்கை, நாகவல்லி என்னும் இருவரும் ஓர் உடலிலேயே உறைகின்றனர். இரு வேடங்களும் சோபனாவுடையவை. இங்குக் கண்ணாடியின் வேலையை மொழி செய்கிறது. கங்கை மலையாளம் பேசுகிறாள். தஞ்சையிலிருந்து வந்த நடனமாது நாகவல்லி பேசுவது தமிழ். மொழி மாறிய கணத்தில் ஆள் மாறியதை அவையோர் உணர்கின்றனர்.

இக்கதை பிறமொழிகளுக்குச் சென்றபோது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க ஒரு நிகழ்வு நேர்ந்தது. கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) மறுவுருவின் மொழி தெலுங்காயிற்று, இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளமாயிற்று. மூலத்திலிருந்த தமிழைத் தமிழ்ப்படம் அப்படியே வைத்துக்கொண்டிருக்குமாயின் நாகவல்லி நம் வீட்டுப் பெண்ணாகிவிடுவாள். அச்சம் எங்கிருந்து பிறக்கும்? ஆகவே பெயர்க்கப்பட்டது சொல்லன்று, மொழிகளுக்கிடையே உள்ள தொலைவு. அத்தொலைவும் மிகுதியாதல் கூடாது. ஓரளவு செவிக்குப் பழகிய அயல்மொழியே இதற்கு ஏற்றது. ‘சந்திரமுகி’யைத் தெலுங்கில் ஒலிமாற்றுவோர்க்கு இதே சிக்கல் தலைகீழாக எழுகிறது.

மலையாள மூலத்தின் குரல்வரலாறும் இதனோடு இயைந்தது. கங்கைக்குக் குரல் தந்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதனைத் தந்தவர் துர்கா என்னும் தமிழ்க் குரற்கலைஞர் என்பதைப் பாசில் 2016இல் தெளிவுபடுத்தினார். முதலில் ஒருவரே இரு பகுதிகளையும் பேசினார் என்றும், இரு குரல்களும் ஒத்திருந்தமையால் தமிழ்ப்பகுதி மீண்டும் பதிவு செய்யப்பட்டது என்றும் அவர் விளக்கினார். முகம் ஒன்றாகவே இருக்கலாம், குரல் மட்டும் ஒன்றாயிருத்தல் ஆகாது என்று படக்குழுவினர் கருதினர் போலும். அவ்வேறுபாட்டை உண்டாக்கியவரின் பெயர் வெளிப்பட இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று.