சிக்ஸர் அடித்தார், வெயில் அடித்தது, பெயர் அடிபட்டது... 'அடி'க்கு இத்தனை அர்த்தமா?

2018 மார்ச் 18. கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதிப்போட்டி. வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்குக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. தினேஷ் கார்த்திக் சிக்ஸர் 'அடித்தார்'. டிவி முன்னால் இருந்தவர்கள் விசில் 'அடித்தார்கள்'. அந்த நேரத்தில் தூங்கிப்போனவர்கள், தகவல் தெரிந்ததும் தலையில் 'அடித்துக்கொண்டார்கள்'.

மூன்று இடத்திலும் ஒரே சொல். அர்த்தம் மட்டும் வேறு வேறு. எப்படி?

முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்க

'அடி' என்பதன் நேரடிப் பொருள் தாக்குவது. ஆனால் பேச்சில் அதன் பொருளை முடிவு செய்வது அதற்கு முன்னால் வரும் சொல்தான். பெயிண்ட் அடித்தால் பூசுவது. போஸ்டர் அடித்தால் அச்சிடுவது. காப்பி அடித்தால் பார்த்து எழுதுவது. கிளாஸை கட் அடித்தால் போகாமல் இருப்பது.

சில இடங்களில் அடிக்க ஆளே தேவையில்லை. காத்து அடிக்குது, காய்ச்சல் அடிக்குது, போர் அடிக்குது, லாட்டரி அடிச்சிருச்சு. இதில் எதையும் நாம் செய்வதில்லை, அது நமக்கு நடக்கிறது.

கிரிக்கெட்டில் எது 'அடி', எது 'எடு'?

பவுண்டரி, சிக்ஸர் என்றால் 'அடித்தார்'. சிங்கிள் என்றால் பெரும்பாலும் 'எடுத்தார்'. சதத்துக்கு 'அடித்தார்', 'எடுத்தார்' இரண்டும் சரி. கேட்ச் 'பிடிப்பது', விக்கெட் 'வீழ்த்துவது'. கால்பந்தில் கோல் 'அடிப்பதும்' உண்டு, 'போடுவதும்' உண்டு.

மைதானத்தைத் தாண்டிய சதம்

'வெயில் சதமடித்தது' என்று செய்தி வந்தால், வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். செல்சியஸில் இது சுமார் 37.8 டிகிரி. 2021-ல் சென்னையில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியபோதும் இதே 'சதம்' தலைப்புகளில் வந்தது. கைத்தட்டல் மட்டும் வரவில்லை.

அளவைச் சொல்லும் அடி

பாதம், அடிப்பகுதி, செய்யுளின் வரி ஆகியவையும் 'அடி'தான். 12 அங்குலமும் ஓர் அடி. அணைச் செய்திகளில் வருவது இந்த அடி. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இது உயரம் மட்டுமே, தண்ணீரின் அளவு அல்ல. 120 அடியில் அணையில் இருக்கும் தண்ணீர் 93.47 டிஎம்சி. முல்லைப் பெரியாறில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெயர் அடிபடுவது வேறு, வீரர் அடிபடுவது வேறு

'கேப்டன் பதவிக்கு இவர் பெயர் அடிபடுகிறது' என்றால் பேச்சில் இருக்கிறது என்று அர்த்தம். 'வீரருக்கு அடிபட்டது' என்றால் காயம்.

இந்த அடியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2014 நவம்பரில் சிட்னியில் பவுன்சர் பந்து கழுத்தில் தாக்கி, ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் 2 நாளில் உயிரிழந்தார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் மாற்று வீரரை இறக்கலாம் என்ற விதி, சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது.

பதிலடி, அதிரடி: செல்போனில் கவனம்

குழப்பம் வருவது இங்கேதான். 'பாகிஸ்தானுக்கு இந்தியா பதிலடி' என்று நோட்டிஃபிகேஷன் வருகிறது. இது கிரிக்கெட்டா, எல்லையில் நடந்த மோதலா? தலைப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'அதிரடி'யும் அப்படித்தான். அதிரடி பேட்டிங், அதிரடி சோதனை, அதிரடி விலைக் குறைப்பு, வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை என எல்லாவற்றுக்கும் அதே சொல்.

அதனால் இப்படி ஒரு தலைப்பு வந்தால் ஃபார்வர்டு செய்யும் முன் 3 விஷயம் பாருங்க:

• 'அடி'க்கு முன்னால் உள்ள சொல் என்ன?
• அடித்தது யார், மனிதரா, வெயிலா, விலையா?
• செய்தியின் முதல் வரியில் இடமும் தேதியும் என்ன?

லிங்கைத் திறந்து முதல் வரியைப் படிக்க சில விநாடிகள் போதும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கிரிக்கெட் செய்தி போர்ச் செய்தியாக மாறாமல் இருக்க அதுவே உதவும்.