மலைநாட்டின் பொழுதும் மணியும்

இலங்கை மலைநாட்டின் மஸ்கெலியாத் தோட்டங்களில் விடியலை அறிவித்தது தப்பு என்னும் பறையின் முழக்கமே. இருள் பிரியுமுன் சுள்ளித் தீயில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றி அடிக்கும் அவ்வொலி கேட்டதும், லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்திற்கு விரைவர். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவர். பிந்தியவர் அன்றைய கூலியை இழந்து திரும்புவதும் உண்டு.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த இவர்களின் முன்னோர், நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்னும் பிரமாணத்தை அறிந்தவர். வெயிலின் நிழலைக் கண்டு பொழுது சொல்லப் பழகியவர். ஆனால் தென்மேற்குப் பருவ மாதங்களில் சூரிய தரிசனமே அரிதாகிவிடும் இம்மலைகளில் அந்த ஞானம் பயன்படவில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரையின் கடிகாரம் காட்டியதே நேரம். அதைச் சரிபார்க்கும் சாதனம் தொழிலாளியிடம் இல்லை. முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் வேலையா அரைநாள் வேலையா என்று ஒருவரின் நாட்கூலியை நிர்ணயித்த கணக்கு அந்த ஒரே கடிகாரத்தைச் சார்ந்திருந்தது என்பதை நினைக்கையில், காலத்தை அளப்பதும் ஓர் அதிகாரமே என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்துக்கு வெளியேயும் நேரக் கணக்கு மாறிக்கொண்டிருந்தது. 1884-இல் இருப்புப்பாதை மஸ்கெலியாவை அடுத்த அட்டன் வரை எட்டியது. அதே ஆண்டு வாஷிங்டன் மகாநாடு கிரீனிச் ரேகையை உலகக் காலக்கணக்கின் ஆதாரமாக ஏற்றது. கிரீனிச்சுக்குச் சுமார் 5 மணி 19 நிமிடம் முந்திய நேரத்தையே அதுவரை அனுசரித்த இலங்கை, 1906-இன் தொடக்கத்தில் ஐந்தரை மணி வித்தியாசத்தை ஏற்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942-இல் இருமுறை அரைமணி கூட்டி, 1945-இல் பழைய கணக்குக்கே மீண்டார்கள்.

பிற்கால மாற்றத்தில் மஸ்கெலியாவுக்கும் சம்பந்தம் உண்டு. 1960-களின் இறுதியில் பழைய பட்டணத்தை மூழ்கடித்து எழுந்த மவுசாகலை நீர்த்தேக்கம், நாட்டின் நீர்மின் உற்பத்திக்கு ஆதாரமானவற்றுள் ஒன்று. 1996-இன் வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் குறைந்தபோது, மாலை விளக்கைத் தாமதப்படுத்தும் பொருட்டு மே மாதத்தில் கடிகாரத்தை ஒருமணி முன்தள்ளினர். சூரியோதயம் ஏழு மணியை ஒட்டிச் சென்றது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள் என்று பெற்றோர் முறையிட்டனர். அக்டோபரில் அரைமணி குறைத்தும் குறை தீரவில்லை. 2006 சித்திரையில்தான் ஐந்தரை மணி வித்தியாசம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.