ஒரு கோடு போதும்... மெட்ராஸ் ஓவிய இயக்க ஸ்டைலில் வெப்சைட் பண்ணலாமா?

ஜவ்வாது மலையில் விளையும் சாமை, தேன் விற்க ஒரு வெப்சைட் பண்ணணும்னு வெச்சுக்குவோம். முகப்பில் பெரிய மலை போட்டோ, பின்னாடி ஓடுற வீடியோ... பார்க்க அழகுதான். ஆனால், மலைப்பாதை வளைவில் சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்கும்போது பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும். யாருக்காகக் கடை திறந்தோமோ, அந்த விவசாயியாலேயே அதைப் பார்க்க முடியாது. இதுக்கான விடை நம்ம ஊர் ஓவியர்களிடமே இருக்கு.

அது என்ன இயக்கம்?

1950, 60-களில் சென்னை அரசு ஓவியப் பள்ளியைச் சுற்றி வளர்ந்தது மெட்ராஸ் ஓவிய இயக்கம். மேற்கை நகல் எடுக்காமல் நாட்டுப்புறக் கலை, சிற்பம், ஜாதகக் கட்டம் என இங்கே இருந்தவற்றை நவீனமாக்கினார்கள். பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். 1966-ல் அவர் முன்னெடுப்பில் உருவானது சோழமண்டல ஓவியர் கிராமம். பாட்டிக் போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் பல ஓவியர்கள் காலூன்றினார்கள். இயக்கத்தின் முதுகெலும்பு, கோடு. ஆதிமூலத்தின் காந்தி ஓவியங்களைப் பார்த்தாலே புரியும்.

கோடிங்கில் எப்படி?

கோடு: போட்டோவுக்குப் பதில் எஸ்.வி.ஜி. படம். புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், 'இங்கிருந்து அங்கே வளை' என்ற கட்டளையாகச் சேமிக்கும். எளிய மலைக்கோடு சில கே.பி-யில் முடிஞ்சிடும். ஜூம் பண்ணினாலும் உடையாது. ஆனால், போட்டோவை சாஃப்ட்வேரில் போட்டு அப்படியே கோடாக மாத்தாதீங்க. ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஃபைல் கனமாகிடும். கையால வரைங்க.

கட்டம்: நாலுக்கு நாலு சி.எஸ்.எஸ். கிரிட். நடு நாலு கட்டத்தை ஒன்றாக்கினால் ஜாதகக் கட்டம் ரெடி. சுற்றியுள்ள 12 கட்டமும் 12 தமிழ் மாதங்கள். மேஷத்தின் இடத்தில் சித்திரை. எந்த மாதம் என்ன கிடைக்கும்னு அங்கங்கே ஒரு குட்டிப் படம். நடுவில் பொருளும் விலையும்.

எழுத்து: பணிக்கரின் ஓவியத்தில் எழுத்தைப் படிக்க முடியணும்னு அவசியமில்லை. ஆனால், சாமை விலையைப் படிச்சே ஆகணும்! தமிழை இமேஜாக ஒட்டாமல் யூனிகோடில் டைப் பண்ணுங்க. அப்போதான் கூகுள் தேடலில் சிக்கும். பார்வையற்றவர்களின் போனும் வாசிச்சுக் காட்டும். காட்டமரான் போன்ற இலவச ஃபான்ட் இருக்கு. மேல், கீழ் கொம்புகள் இடிக்காமலிருக்க வரி இடைவெளி 1.6 வையுங்க.

நிறம்: செம்மண், கரி, மஞ்சள் என மூணு போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் இருக்கட்டும்.

உஷார்!

ஸ்டைலை எடுக்கலாம், ஓவியத்தையே எடுக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. பணிக்கர் மறைந்தது 1977. ஆக, 2037 முடியும்வரை அவர் படங்களுக்கு அனுமதி வேணும்.

கடைசியாக, க்ரோம் டெவலப்பர் டூல்ஸில் நெட் வேகத்தை 3ஜி-க்குக் குறைச்சுத் திறந்து பாருங்க. மலைக்கோட்டுக்கு முன்னாடி விலை தெரிஞ்சா, உங்க சைட் பாஸ்!