தமிழ் தலைவாஸ், 2022: புரோ கபடியின் ஒன்பதாவது சீசன்

புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது சீசன் 2022 அக்டோபர் 7 முதல் டிசம்பர் 17 வரை நடைபெற்றது. களமிறங்கிய 12 அணிகளில் கோப்பை ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்குப் போனது. ஆனாலும் தமிழ்நாட்டு ரசிகர்கள் அந்த சீசனை நினைவில் வைத்திருப்பது தமிழ் தலைவாஸுக்காகத்தான். 2017இல் லீக்கில் சேர்ந்த இந்த அணி, முதல் மூன்று சீசன்களிலும் தன் பிரிவிலோ பட்டியலிலோ கடைசி. நான்காவதில் பதினோராம் இடம். அரையிறுதியை எட்டிப்பிடித்தது ஒன்பதாவது சீசனில்தான்.

அதுவும் எப்படிப்பட்ட தொடக்கத்துக்குப் பிறகு! லீக் வரலாற்றிலேயே அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகையாக 2.26 கோடி ரூபாய்க்கு பவன் ஷெராவத்தை அணி ஏலத்தில் எடுத்திருந்தது. அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா அரங்கில் குஜராத் ஜெயண்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் முழங்காலில் அடிபட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 31-31 எனச் சமனில் முடிந்தது; அவருடைய சீசனும் அத்தோடு முடிந்தது.

அடுத்தடுத்த தடுமாற்றத்தில் பயிற்சியாளர் உதயகுமார் விலக, அஷன் குமார் பொறுப்பேற்றார். பாடிப் போகும் வேலை, அதுவரை லீக்கில் ஆடியிராத நரேந்தர் என்ற ஹரியானா இளைஞரின் தலையில் விழுந்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 243 ரைடு புள்ளிகள். அறிமுக சீசனில் அதற்கு முன் வேறு எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. பின்னால் சாகர், சாஹில் குலியா இருவரும் கார்னர்களில் காலைப் பிடித்து மடக்க, கவரில் தமிழ்நாட்டு வீரர் அபிஷேக் நின்றார். பெயரில் தமிழ் இருக்கிறது, பட்டியலில் தமிழர் எத்தனை பேர் என்ற ரசிகர்களின் குறை நியாயமானதே. ஆனால் வெற்றி வரத் தொடங்கியதும் அந்தக் கேள்வியின் சத்தம் கொஞ்சம் அடங்கியது என்பதும் உண்மை.

அந்த சீசனின் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள். அப்போது வென்றால் 5 புள்ளி, சமன் என்றால் 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக 1. தலைவாஸ் 10 வெற்றி, 4 சமன், 8 தோல்வியுடன் 66 புள்ளி சேர்த்து ஐந்தாம் இடம் பிடித்தது. ஆட்டங்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் நகரங்களில் நடந்தன. சென்னைக்கு ஒன்றுகூட இல்லை. பொங்கலுக்கு மண்தரையில் கோடு போட்டு, ராத்திரி விளக்கில் கபடி நடத்தும் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை வட்டாரத்துக்குச் சென்னையே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த ஆண்டு அங்கே போயும் பயனில்லை, டிவிதான் கதி.

டிசம்பர் 13, மும்பையில் தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேட்டர் ஆட்டம். யூபி யோத்தாஸுடன் 40 நிமிடமும் முடிந்தபோது 36-36. டை-பிரேக்கரில் ஆளுக்கு ஐந்து ரைடு. பிடிபட்டவர் வெளியேற வேண்டியதில்லை, புள்ளி மட்டும் ஏறும். நடுக்கோட்டுக்கு அடுத்த கோடான பாக் லைனைத் தாண்டினாலே போனஸ் கிடைத்துவிடும் என்பதால் தடுப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. தலைவாஸ் 6-4 என்று தப்பித்தது.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் எதிரே புனேரி பால்டன். இடைவேளையில் தலைவாஸ் முன்னிலையில் இருந்தது. பிற்பாதியில் புனேயின் பங்கஜ் மோஹிதே திரும்பத் திரும்பப் பாடி வந்து ஆட்டத்தைப் புரட்டிப் போட, முடிவு 39-37. அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் இறுதிக்குப் போகும் இரு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதிக்கொள்ளலாம், முதல் நாள் சறுக்கினாலும் மீள வழியுண்டு. அந்த சீசன் புரோ கபடியிலோ இரண்டு மாத உழைப்பை ஒரே ஆட்டம் தீர்த்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்புதான், இரண்டு புள்ளியில் ஊர் திரும்பும் அணிக்குக் கொடுமை.

இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் 33-29 என்று புனேயை வென்றது. 2014இன் முதல் சீசனுக்குப் பிறகு அதற்கு அது இரண்டாவது கோப்பை. பவன் ஷெராவத்தை அடுத்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் 2 கோடியே 60.5 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. பத்தாவது சீசனில் சென்னைக்கு ஆட்டங்கள் திரும்பி வந்தன. தலைவாஸ் ஒன்பதாம் இடத்தோடு நின்றுவிட்டது.